அமிர்தி வழியா கோமுட்டேரி!

லேப்டாப்பைத் திறந்தா நீலத் தண்ணி. கரையோரம் மஞ்சள் மஞ்சளா வீடுகள். பின்னாடி பனி மூடின மலை. 'எங்கடா இது?'ன்னு கேட்டா, 'இத்தாலி... கோமோ ஏரி. வேலை கிடைச்சதும் முதல் டூர் அங்கதான்!'னு சொல்ற ரூம்மேட் ஒருத்தர் உங்க ஹாஸ்டல்லயும் இருப்பாரே? எங்க ரூம்லயும் உண்டு. 2018-ல தீபிகா படுகோன் - ரன்வீர் சிங் கல்யாணம் நடந்ததே, அதே கோமோ. விசாவுக்கு என்னென்ன பேப்பர் வேணும், எந்த ஊர்ல தங்கணும், எந்தப் படகைப் பிடிக்கணும்னு ஒரு நோட்டு பூரா எழுதி வெச்சிருக்கார். பாஸ்போர்ட் மட்டும் இன்னும் எடுக்கலை!

நாங்க அவரைக் கலாய்க்காத நாளில்லை. ஆனா, அந்த நோட்டுதான் ஒருநாள் எங்க மானத்தைக் காப்பாத்துச்சு. எப்படின்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி, நாங்க மானத்தை வாங்கிக்கிட்ட கதையைக் கேளுங்க.

சோப்பு டப்பாவும் காய்ஞ்ச பாறையும்

வேலூர்லேர்ந்து சுமார் 25 கி.மீ. தூரத்துல, ஜவ்வாது மலை அடிவாரத்துல இருக்கு அமிர்தி. காடு, அருவி, சின்னதா ஒரு உயிரியல் பூங்கா. 'இவ்வளவு பக்கத்துல இருக்கிற இடத்துக்கு எதுக்கு மச்சி பிளான்?'னு சொல்லிட்டு, ஒரு ஏப்ரல் மாச ஞாயித்துக்கிழமை ஆறு பேர் கிளம்பினோம். துண்டு, சோப்பு, ஷாம்பு, மாத்துத் துணி எல்லாம் ரெடி.

போய்ப் பார்த்தா, அருவி இருக்க வேண்டிய இடத்துல பாறை இருந்துச்சு. பாறை மட்டும்!

திரும்பி வந்து டீக்கடையில உட்கார்ந்தப்போ, கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். 'ஏம்பா தம்பி, தண்ணியே இல்லாத அருவிக்கு சோப்பு டப்பா எத்தினி வந்துகிறீங்களே... யாரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டுனு வரக் கூடாதா?' அந்த டீயில சர்க்கரை இருந்துச்சான்னுகூட எங்களுக்கு ஞாபகம் இல்லை.

அன்னிக்கு ராத்திரி ரூம்மேட் நோட்டைப் பிரிச்சார். 'கோமோவுக்குப் போறவன் நாலு விஷயம் பார்ப்பான். ஒண்ணு, சீஸன். ரெண்டு, எந்த ஊர்ல தங்குறது. மூணு, கடைசிப் படகு எப்போ. நாலு, எதைப் பார்க்காம விடுறது. நீங்க இதுல ஒண்ணைக்கூட பார்க்கலை. ஏன்னா, பக்கத்து ஊருன்னா உங்களுக்கு இளக்காரம்!'

சுருக்குனு இருந்துச்சு. உண்மைதானே? ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஏரிக்கு அவ்வளவு மரியாதை. டவுன் பஸ்ல போற காட்டுக்கு ஒரு விசாரிப்புகூட இல்லை. அடுத்த தடவை அந்த நாலு கேள்வியை வெச்சே பிளான் போட்டோம். நீங்களும் போடலாம். வாங்க.

கேள்வி ஒண்ணு: தண்ணி எப்போ?

கோமோவுல குளிர்காலம் வந்தா நிறைய ஓட்டல்கள் கதவைச் சாத்திடும், படகுகளும் குறைஞ்சுடும். நமக்கு நேர் எதிர். கோடையில கதவைச் சாத்துறது அருவிதான். வடகிழக்குப் பருவமழை பெய்ஞ்சு ஓய்ஞ்ச பிறகு, நவம்பர் கடைசியிலேர்ந்து ஜனவரி வரைக்கும் போறதுதான் புத்திசாலித்தனம். தென்மேற்கு மழை நல்லா பெய்ஞ்ச வருஷத்துல செப்டம்பர்லயும் தண்ணி பார்க்கலாம். மழை கொட்டிக்கிட்டிருக்கிற நாள்ல மட்டும் போகாதீங்க. வெள்ளம் வந்தா வனத்துறை அருவிக்குப் போறதை நிறுத்திடுவாங்க. நிறுத்தலைன்னாலும் நீங்களே நிறுத்திக்கிறது நல்லது. மேல மலையில பெய்யுற மழை, கீழே வெயில்ல நிக்கிற உங்களுக்குத் தெரியாது. தண்ணி திடீர்னு கலங்கலா மாறினா, செல்ஃபியை விட்டுட்டு மேட்டுக்கு ஏறிடுங்க.

பூங்கா 1967-ல ஆரம்பிச்சது. பரப்பு சுமார் 25 ஹெக்டேர். 602 ஹெக்டேர் வண்டலூரை மனசுல வெச்சுக்கிட்டு சிங்கம், புலி தேடாதீங்க. புள்ளிமான், மயில், முதலை, கிளி, நரின்னு நம்ம காட்டுச் சொந்தக்காரங்கதான் இங்கே. வார விடுமுறை எந்த நாள், எத்தனை மணிக்கு மூடுவாங்கன்னு கிளம்புறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்குங்க. குரங்குகளுக்கு வார விடுமுறை கிடையாது. பாலித்தீன் கவரைக் கையில வெச்சுக்கிட்டு நடந்தா, அது உங்களுது இல்லைன்னு அர்த்தம்!

இன்னொரு விஷயம். இந்த அமிர்திக் காட்டுத் தண்ணிதான் நாகநதியா இறங்கி, கண்ணமங்கலம், ஆரணிப் பக்கம் போகுது. வருஷக்கணக்கா மணலா வறண்டு கிடந்த ஆறு இது. இந்தப் படுகையில நூறு நாள் வேலைத் திட்டப் பெண்கள் ஆயிரக்கணக்குல இறங்கி, மழைநீரை மண்ணுக்குள்ள இறக்கற செறிவூட்டுக் கிணறுகளையும், ஓடைகள்ல கல் தடுப்புகளையும் கட்டினாங்க. ஓடி வர்ற தண்ணியை நடக்க வெச்சு, நடக்கிற தண்ணியை நிலத்துக்குள்ள உட்கார வைக்கிற வேலை. அதனால, அருவியில ஷாம்பு பாக்கெட்டைப் பிரிக்கும்போது ஒரு நிமிஷம் யோசிங்க. அந்த நுரை போய்ச் சேர்ற இடத்துல, யாரோ ஒரு அக்கா மண்வெட்டி பிடிச்ச கை காப்புக் காய்ச்சிருக்கும்.

கேள்வி ரெண்டு: எங்க தங்குறது?

கோமோ ஏரியில பெல்லாஜியோ, வரென்னா, மெனாஜியோன்னு மூணு ஊர் எதிரும் புதிருமா இருக்கு. நடுவுல படகு. எங்கேயாவது ஒரு ஊர்ல மூட்டையை இறக்கிட்டு மத்ததைச் சுத்திப் பார்ப்பாங்க. தினமும் ரூம் மாத்த மாட்டாங்க. நமக்கும் அதே கணக்குதான்.

ஒரே நாள்தான் இருக்கா? வேலூரை வெச்சுக்குங்க. காட்பாடி ஜங்ஷன்ல இறங்கி வேலூர் வந்து, கணியம்பாடி வழியா அமிர்திக்கு பஸ். காலையில போய்ட்டு சாயங்காலம் திரும்பிடலாம்.

ரெண்டு நாள் இருக்கா? அப்போ கோமுட்டேரிக்கு வாங்க! பேரைக் கேட்டதும் எங்க ரூம்மேட் துள்ளிக் குதிச்சார். 'கோமோ... கோமுட்டேரி... முதல் ரெண்டு எழுத்து மேட்ச் ஆகுதுடா!' ஜவ்வாது மலை மேல ஜமுனாமரத்தூர்ல இருக்கிற சின்ன ஏரி இது. படகு விடுறாங்க. கோமோ மாதிரி நானூறு மீட்டர் ஆழம், அரண்மனை, ஹீரோ - ஹீரோயின் எல்லாம் எதிர்பார்க்காதீங்க. மரங்களுக்கு நடுவுல ஒரு தட்டு நிறைய தண்ணி, அவ்வளவுதான். ஆனா கடல் மட்டத்துலேர்ந்து ரெண்டாயிரம் அடிக்கு மேல, காலையில பனி விலகும்போது அந்தத் தட்டைப் பாருங்க. 'பாஸ்போர்ட் அவசரமா எடுக்க வேணாம்போல'ன்னு ரூம்மேட்டே சொன்னார். பக்கத்துலயே பீமன் அருவியும் இருக்கு.

அமிர்தியிலேர்ந்து நம்மியம்பட்டு வழியா ஜமுனாமரத்தூருக்கு மலைப்பாதை போகுது. பஸ் குறைவு. எட்டு, பத்து பேர் சேர்ந்து, மலையில ஓட்டிப் பழகின டிரைவரோட ஒரு வேன் பேசிக்கிறது மேல். பைக்ல போறவங்க இருட்டுறதுக்குள்ள ஏறி முடிச்சுடுங்க. வளைவு, கால்நடை, மழை நாள்ல உருண்டு கிடக்கிற கல்லுன்னு மூணுமே ஹெட்லைட் வெளிச்சத்துல லேட்டாதான் தெரியும். தங்க இடத்தை போன்ல உறுதி பண்ணாம மலை ஏறாதீங்க. போளூர்லேர்ந்து ஏறினா ஜமுனாமரத்தூர் சுமார் 40 கி.மீ. பஸ்காரங்களுக்கு அது வசதி.

கேள்வி மூணு: கடைசிப் படகு எப்போ?

கடைசிப் படகை விட்டா கோமோவுல டாக்ஸிக்கு யூரோ அழணும். கடைசி பஸ்ஸை விட்டா அமிர்தியில நாம அழணும்! பஸ்ல இருந்து இறங்கும்போதே கண்டக்டர்கிட்ட கேளுங்க: 'அண்ணே, திரும்பிப் போற கடைசி வண்டி எத்தனை மணிக்கு?' அவர் சொல்றதுக்கு முந்தின வண்டிதான் உங்க வண்டின்னு மனசுல எழுதிக்குங்க. காட்டுப் பாதையில செல்போன் டவர் பல இடத்துல காலை வாரும். கையில சில்லறைப் பணம் வேணும். எத்தனை பேர் வந்தோம், எங்கே போறோம், எப்போ திரும்புவோம்னு ஹாஸ்டல்ல ஒருத்தருக்காவது சொல்லிட்டுப் போங்க. இது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை. அருவிப் பாறைப் பாசியில வழுக்கி விழுந்த மாணவர் பத்திச் செய்தி வராத வருஷம் உண்டா, சொல்லுங்க? நீச்சல் தெரிஞ்சவங்களும் அந்தச் செய்திகள்ல இருக்காங்க. பாசிக்கு நீச்சல் தெரியுமா, தெரியாதான்னு பார்க்கத் தெரியாது. மேலேர்ந்து குதிக்காதீங்க. தண்ணி அடிச்சுட்டுத் தண்ணியில இறங்காதீங்க. இதுக்கு மேல விளக்கம் வேணாம்தானே?

கேள்வி நாலு: எதை விடுறது?

ரெண்டு நாள்ல ஏலகிரி, ஜலகம்பாறை, பர்வதமலைன்னு மொத்தத்தையும் திணிக்காதீங்க. அதெல்லாம் அடுத்த லீவுக்கு. விடக் கூடாதது ஒண்ணு இருக்கு: வானம்!

ஜமுனாமரத்தூர்லேர்ந்து ஆலங்காயம் இறங்குற வழியில காவலூர். இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தோட வைணு பாப்பு வானாய்வகம் அங்கே இருக்கு. யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் இருக்குன்னு 1977-ல தெரிய வந்ததே, அதைப் பதிவு பண்ணின இடங்கள்ல காவலூரும் ஒண்ணு. 1986 ஜனவரியில தொடங்கி வைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இங்கேதான் நிக்குது. 1988-ல இங்கிருந்து கண்டுபிடிச்ச ஒரு சிறுகோளுக்கு நம்ம கணித மேதை ராமானுஜன் பேரு வெச்சிருக்காங்க. ஜவ்வாது மலைக்காட்டுக்கும் கும்பகோணத்துப் பையனுக்கும் ஆகாசத்துல ஒரு முடிச்சு!

சனிக்கிழமைகள்ல பொதுமக்களை அனுமதிக்கிறது வழக்கம். ஆனா நேரமும் விதியும் மாறும், முன்கூட்டியே கேட்டுட்டுப் போங்க. அதனால வெள்ளிக்கிழமை லீவு வர்ற வாரமா பார்த்துக்கிட்டா பிளான் கச்சிதம். வெள்ளி காலை அமிர்தி, மதியமே மலையேற்றம், ராத்திரி ஜமுனாமரத்தூர். சனி காலை கோமுட்டேரியும் பீமன் அருவியும், மதியம் காவலூர், அப்படியே ஆலங்காயம் வழியா வாணியம்பாடியில ரயில். இவ்வளவு இருட்டான வானம் கிடைக்கணும்னுதான் அந்தக் காலத்துல இந்த மலையைத் தேடிப் பிடிச்சாங்க. ராத்திரி அந்தப் பக்கம் போனா காரோட ஹைபீமும் செல்போன் டார்ச்சும் வேணாம். ஒரு நட்சத்திரத்தோட வெளிச்சம் பல வருஷம் நடந்து வந்துகிட்டிருக்கு. நம்ம ஃபிளாஷ் குறுக்கே நிக்கலாமா?

நோட்டுல இல்லாத அஞ்சாவது கேள்வி

நாலும் சரியா போட்டு, ஒரு ஜனவரியில கிளம்பினோம். அமிர்தியில தண்ணி இருந்துச்சு. சோப்பு எடுத்துட்டுப் போகலை. டீக்கடைக்காரர் எங்களை அடையாளம் கண்டுபிடிச்சு, 'இன்னா, இந்த வாட்டி கேட்டுனு வந்தீங்களா?'ன்னு சிரிச்சார். எல்லாம் நல்லபடியா போச்சு. அஞ்சாவது கேள்வி ஜமுனாமரத்தூர் சந்தைப் பக்கம் வந்துச்சு.

ஒரு பாட்டி சாக்கு விரிச்சு சாமை அரிசி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. பின்னணியில மலை. 'சூப்பர் ஃப்ரேம்!'னு நண்பன் கேமராவைத் தூக்கினான். பாட்டி நிமிர்ந்து பார்த்துச் சொன்னாங்க: 'வர்றவங்க எல்லாம் போட்டோ புடிக்கிறாங்க கண்ணு. சாமை படி என்னா வெலைன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல.'

கேமரா தானா கீழே இறங்குச்சு.

இந்த மலையில வாழறவங்க மலையாளி பழங்குடி மக்கள். கேரளாக்காரங்க இல்லை, தலைமுறை தலைமுறையா மலையை நம்பியே வாழற, தமிழ் பேசுற மக்கள். சாமை, தேன், புளி, பலான்னு விளைவிக்கிறதும் சேகரிக்கிறதும்தான் வருமானம். அது போதாதப்போ பலர் ஊரை விட்டு வேலைக்குப் போறாங்க. 2015 ஏப்ரல் 7-ம் தேதி, ஆந்திராவுல சேஷாசலம் காட்டுல செம்மரம் வெட்ட வந்ததா சொல்லி 20 தமிழகத் தொழிலாளிகளை போலீஸ் சுட்டுக் கொன்ன செய்தி ஞாபகம் இருக்கா? அதுல பலர் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரங்க. ஜவ்வாது மலைக் கிராமங்கள்லேர்ந்து போனவங்களும் இருந்தாங்க. நாம 'வீக்எண்ட் ஸ்பாட்'னு சொல்ற மலைக்கு, வாரத்துல மத்த அஞ்சு நாளும் உண்டு. அந்த அஞ்சு நாளை இவங்க எப்படி ஓட்டுறாங்கங்கிறதுதான் விஷயம்.

நம்ம ஒரு கிலோ சாமையில மலையே மாறிடும்னு சொல்லலை. ஆனா கீழேர்ந்து சிப்ஸ் மூட்டை கட்டிக்கிட்டுப் போய், அங்கே காலி கவரை மட்டும் விட்டுட்டு வர்றது எந்த ஊர் நியாயம்? சாப்பாட்டை அங்கே சாப்பிடுங்க. சாமையும் தேனும் அங்கே வாங்குங்க. பேரம் பேசுறதுக்கு முன்னாடி, போன வாரம் மாலில் பேரம் பேசினோமான்னு நினைச்சுப் பாருங்க. யாரையும் போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டுல ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியற பிளாஸ்டிக்குக்குத் தடை. காட்டுக்கும் அது பொருந்தும்!

புல்லை முடிஞ்சவங்க

பிளான் போடுறதை கோமோக்காரங்க கிட்டதான் கத்துக்கணுமான்னு எங்க தமிழ் சாரிடம் பேச்சு வந்தப்போ, அவர் சிரிச்சுட்டு 'மலைபடுகடாம் படிச்சிருக்கியா?'ன்னார். பரீட்சைக்குப் படிச்சேன் சார்ன்னேன். 'அது என்னன்னு நினைச்சே? டூரிஸ்ட் கைடுய்யா! அதுவும் உங்க மலைப் பக்கத்துக்கே!'

வீட்டுக்குப் போய் உரையோட படிச்சேன். அசந்துட்டேன். பத்துப்பாட்டுல பத்தாவது. 583 அடி. பாடினவர் பெருங்கௌசிகனார். ஜவ்வாது மலை அடிவாரத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பார்த்துப் பரிசு வாங்கிட்டுத் திரும்புற ஒரு கூத்தர், எதிர்ல வர்ற இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்றார். அதுல வர்ற நவிர மலைதான் இன்னிக்குப் பர்வதமலைன்னு அறிஞர்கள் சொல்றாங்க. நாலு கேள்விக்கும் அவர்கிட்ட பதில் இருக்கு. ராத்திரியில நடக்காதீங்க, பன்றிக்கு வெச்ச பொறி இருக்கும். பாம்பு இருக்கிற பள்ளம், பார்த்துப் போங்க. யானையை விரட்டக் கவண்கல் வீசுவாங்க, மரத்தோட மறைவுல ஒதுங்கி நடங்க. சுனை ஓரம் பாறை வழுக்கும், கொடியைப் பிடிச்சுக்குங்க. இந்த ஊர்ல இந்தச் சாப்பாடு கிடைக்கும். அட, பாசி எச்சரிக்கை உட்பட எல்லாம் அப்பவே!

ஆனா என்னை உட்கார வெச்சது வேற இடம். பாதை பிரியற இடத்துல நின்னு, சரியான வழி எதுன்னு கண்டுபிடிச்சதும், அங்கே புல்லை முடிஞ்சு அடையாளம் வெச்சுட்டுப் போங்கன்னு சொல்றார். எதுக்கு? பின்னாடி வர்ற, அந்த மண்ணுக்குப் புதுசானவங்க வழி தவறக் கூடாதுன்னு. அவங்க யாருன்னு தெரியாது. பார்க்கவும் போறதில்லை. இருந்தாலும் ஒரு முடிச்சு.

நாம காட்டுல விட்டுட்டு வர்ற அடையாளம் என்ன? பாறையில ஹார்ட் படம் போட்டு ரெண்டு இனிஷியல். புதர்ல சிக்கின தண்ணி பாட்டில். அதைப் பார்த்துப் பின்னாடி வர்றவங்க கத்துக்கிறது ஒண்ணுதான்: 'ஓ, இங்கே இப்படித்தான் போலிருக்கு.'

ரூம்மேட் நோட்டுல இப்போ கோமோவுக்கு அடுத்த பக்கம் அமிர்தி. 'நவம்பர் கடைசி முதல் ஜனவரி. சோப்பு வேண்டாம். கடைசிக்கு முந்தின பஸ். சாமை விலை கேட்கவும்.' ஜூனியர் பசங்க யார் வேலூர்ப் பக்கம் கிளம்பினாலும் அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் அனுப்புறோம். அதுல ஒருத்தன் போய்ட்டு வந்து, அவன் கண்டுபிடிச்ச ஒரு வரியைக் கீழே சேர்த்திருக்கான்: 'டீக்கடை அண்ணன்கிட்ட முதல்ல விசாரிக்கவும்.'

நீங்க போய்ட்டு வந்து எந்த வரியைச் சேர்க்கப் போறீங்க?